ஃப்ளாப்பியின் சிட்டாவும் புறம்போக்கும்

ஃப்ளாப்பி வட்டுக்குள் கோப்பைத் தேடினால் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் எண் போட்ட கட்டங்கள்தான். 1970-களில் மைக்ரோகம்ப்யூட்டர்களோடு வந்த 8 அங்குல வட்டையே எடுத்துக்கொள்வோம். ஐபிஎம் தன் 3740 என்ற தரவு பதியும் கருவிக்காக வகுத்த அமைப்பு அது. ஒரே பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக 77 வட்டப்பாதைகள்; அவற்றுக்கு டிராக் என்று பெயர். ஒவ்வொரு டிராக்கிலும் 26 செக்டர். ஒவ்வொரு செக்டரிலும் 128 பைட். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 2,56,256 பைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்காது.

டிரைவுக்குத் தெரிந்த வேலை இரண்டே இரண்டு. இன்ன டிராக்குக்குப் போய் இன்ன செக்டரைப் படிப்பது, அல்லது அங்கே எழுதுவது. "நேற்று எழுதின லெட்டரைக் கொடு" என்று கேட்டால் அதற்கு ஒன்றும் புரியாது.

வயலில் போய் நின்றாலும் இதே கதைதான். மண்ணில் யார் பெயரும் எழுதியிருக்காது. சர்வே எண் இருக்கும். அந்த எண் யாருடையது என்பது ஏட்டில் இருக்கும். நம் ஊர் கிராமக் கணக்கில் இதற்கு இரண்டு ஏடுகள் உண்டு. சிட்டாவில் ஆள் பெயரைப் போட்டு, அவருக்கு எந்தெந்த சர்வே எண் சொந்தம் என்று எழுதியிருப்பார்கள். அ-பதிவேடு அப்படியே தலைகீழ்: சர்வே எண் வரிசையில் போகும், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே விவரம் இருக்கும். விவரம் ஒன்றுதான், புரட்டுகிற திசைதான் வேறு.

சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் சிட்டா எழுதியது. அதற்குப் பிறகு வந்த டாஸ் அ-பதிவேடு எழுதியது. ஃப்ளாப்பிகள் எப்படிக் கெட்டுப்போயின, அழித்த கோப்பு திரும்பக் கிடைத்ததா இல்லையா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம்.

சிபி/எம்: 32 பைட்டில் ஒரு சிட்டா

சிபி/எம்-ஐ எழுதியவர் கேரி கில்டால். கலிஃபோர்னியாவில் மான்டெரே கடற்படை முதுநிலைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே இன்டெலுக்கும் ஆலோசகராக இருந்தார். கையில் ஒரு ஷுகார்ட் ஃப்ளாப்பி டிரைவ் கிடைத்தது, ஆனால் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கன்ட்ரோலர் இல்லை. அவருடைய நண்பர் ஜான் டொரோடி அதைக் கட்டிக்கொடுத்தார். 1974-இல் சிபி/எம் ஓடியது. அந்த மெஷின்களில் நினைவகம் 16 கேபி இருந்தாலே வசதி. ஆபரேட்டிங் சிஸ்டம், அதன் கணக்கு வழக்கு, பயனரின் புரோகிராம் எல்லாம் அதற்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும். இந்த நெருக்கடியை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

சிபி/எம் முதல் இரண்டு டிராக்குகளைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. மிச்சம் 75 டிராக். 128 பைட் செக்டர்களை ஒவ்வொன்றாகக் கணக்கு வைத்தால் ஏடு பெருத்துவிடும் என்பதால் எட்டு எட்டாகச் சேர்த்து 1 கேபி பிளாக் ஆக்கியது. 0 முதல் 242 வரை 243 பிளாக்குகள் வந்தன. எந்த எண்ணும் 255-ஐத் தாண்டவில்லை, அதனால் ஒரு பிளாக் எண்ணை எழுத ஒரு பைட் போதும். முதல் இரண்டு பிளாக்குகள் டைரக்டரிக்கு. அதில் 32 பைட் வீதம் 64 பதிவுகள்.

அந்த 32 பைட்டைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பழைய வட்டின் நகல் ஒன்றை, பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் இரண்டு வரியில் அடங்கிவிடும். முதல் பைட் பயனர் எண், பெரும்பாலும் 0. அடுத்த எட்டு பைட்டில் கோப்பின் பெயர். "லெட்டர்" என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்து, மீதி இரண்டில் வெற்றிடம். அதற்கடுத்த மூன்றில் கோப்பின் வகை. பெயருக்கு எட்டு, வகைக்கு மூன்று என்று பின்னாளில் டாஸ் காலம் முழுக்க நாம் அனுபவித்த கஞ்சத்தனம் இதுதான். பிறகு மூன்று பைட் உள்கணக்கு. அதில் முதலாவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். பதினாறாவது பைட்டில், கோப்பு எத்தனை 128 பைட் துண்டு நீளம் என்ற எண்ணிக்கை.

முதல் வரி முடிந்தது. இரண்டாம் வரியின் 16 பைட்டும் பிளாக் எண்கள். 5, 6, 9, பிறகு வரிசையாகப் பூஜ்யம் என்று இருந்தால், கோப்பு 5, 6, 9 ஆகிய பிளாக்குகளில் கிடக்கிறது என்று பொருள். 0-ஆவது பிளாக் டைரக்டரிக்குச் சொந்தம், எந்தக் கோப்புக்கும் போகாது. ஆகவே இங்கே பூஜ்யத்தை "ஒன்றுமில்லை" என்று பயமில்லாமல் எழுதலாம்.

ஐந்தாம் பிளாக் வட்டில் எங்கே இருக்கிறது? பிளாக்குக்கு 8 செக்டர், ஆகவே அதற்கு முன்னால் 40 செக்டர் கடந்திருக்கிறது. டிராக்குக்கு 26 என்றால் ஒரு முழு டிராக் போக 14 மிச்சம். கணக்கு 2-ஆம் டிராக்கில் தொடங்குவதால், பிளாக் இருப்பது 3-ஆம் டிராக்கில். செக்டர் 15 என்று சொல்லத் தோன்றும். போய்ப் பார்த்தால் 8-இல் இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டு நிமிடத்துக்கு 360 முறை சுற்றுகிறது. ஒரு செக்டரைப் படித்து அந்த 128 பைட்டை நினைவகத்தில் உரிய இடத்தில் வைத்து முடிப்பதற்குள் அடுத்த செக்டர் டிரைவின் படிக்கும் தலையைத் தாண்டிப் போயிருக்கும். பஸ்ஸை விட்டவன் மாதிரி ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டியதுதான். இப்படி 26 செக்டருக்கும் காத்தால் ஒரு டிராக்கைப் படிக்க நாலு விநாடிக்கு மேல் ஆகும். அதனால் சிபி/எம் 1, 7, 13, 19, 25, 5, 11 என்று ஆறு ஆறாகத் தாவிப் போனது. ஆறு சுற்றில், அதாவது ஒரு விநாடியில், டிராக் முடிந்துவிடும். அந்தத் தாவல் வரிசையில் பதினைந்தாவதாக வருவது 8-ஆம் செக்டர்.

இப்போது 16 கேபி-க்கு மேல் கோப்பு வளர்ந்தால்? பதிவில் இருப்பது 16 பிளாக் எண்ணுக்குத்தான் இடம். சிபி/எம் அதே பெயரில் இன்னொரு பதிவைத் தொடங்கும், பட்டியல் அதில் தொடரும். முதல் பதிவா இரண்டாவதா என்பதைத்தான் அந்த உள்கணக்கு பைட் சொல்கிறது. 40 கேபி கோப்புக்கு மூன்று பதிவுகள் ஆகும். இதனால் இரண்டு தொல்லைகள். பெரிய கோப்பை வாசிக்கும்போது 16 கேபி-க்கு ஒருமுறை டைரக்டரிக்கு ஓடித் திரும்ப வேண்டும். குட்டிக் கோப்புகளாகச் சேர்த்தாலோ, வட்டில் பாதி இடம் காலியாக இருந்தாலும் 64 பதிவு தீர்ந்ததும் கதவு சாத்தப்படும்.

நீளத்தைத் துண்டுக் கணக்கில் எழுதியதிலும் ஒரு வால் ஒட்டிக்கொண்டது. 2,700 பைட் கடிதம் 22 துண்டு என்று பதிவாகும், அதாவது 2,816 பைட். கடைசி 116 பைட் குப்பையா கடிதமா என்று சிபி/எம்-க்குத் தெரியாது. அதனால் எழுத்து முடிந்த இடத்தில் கன்ட்ரோல்-இசட், அதாவது 26 என்ற பைட், வைக்கும் வழக்கம் வந்தது. நீளத்தை பைட் கணக்கில் சரியாகவே குறித்துவைக்கும் டாஸ் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. கன்ட்ரோல்-இசட்டைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்திவிடும் புரோகிராம்கள் நெடுநாள் இருந்தன.

காலி இடம் எங்கேயும் எழுதப்படவில்லை

எனக்கு சிபி/எம்-இல் மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்தெந்த பிளாக் காலி என்ற பட்டியல் வட்டில் எங்கேயும் கிடையாது. புறம்போக்குக்கு ஏடே இல்லை. ஒரு வட்டை முதன்முதலில் தொடும்போது சிபி/எம் டைரக்டரி முழுவதையும் படிக்கும். சிட்டாவில் வரும் பிளாக் எண்களுக்கெல்லாம் நினைவகத்தில் ஒரு பிட் குறி போடும். குறி விழாதது எல்லாம் காலி. 243 பிட் என்றால் 31 பைட், தீர்ந்தது காரியம்.

நினைவகத்தைச் சிக்கனம் பண்ணப் போய் இதில் ஒரு உறுதியும் கிடைத்தது. கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக எடுத்த பிளாக்குகள் நினைவகக் குறிப்பில் மட்டுமே இருந்தன, டைரக்டரியில் ஏறவில்லை. மறுபடி இயக்கினால் டைரக்டரியைப் படித்துக் கணக்கைப் புதிதாகப் போடும். அந்த பிளாக்குகள் தானாகவே காலியாகிவிடும். எழுதிய வேலை போனது போனதுதான். ஆனால் யாருக்கும் சொந்தமில்லாமல், யாரும் எடுத்துக்கொள்ளவும் முடியாமல் கிடக்கும் இடம் என்று ஒன்று மிஞ்சாது.

அடி வேறு பக்கம் விழுந்தது. கணக்கு நினைவகத்தில், வட்டு உங்கள் கையில். நீங்கள் வட்டை உருவி இன்னொன்றைச் செருகினால், பழைய வட்டின் காலி இடத்தை நம்பிப் புதிய வட்டின் கோப்புகள்மேல் எழுதிவிடும் அபாயம் உண்டு. சிபி/எம் இதற்கு டைரக்டரி செக்டர்களின் கூட்டுத்தொகையைக் குறித்துவைத்தது. அடுத்த முறை படிக்கும்போது தொகை ஒத்துவராவிட்டால், வட்டு மாறிவிட்டது என்று முடிவு கட்டி, எழுதத் தடை போட்டுவிடும். அதைமீறி எழுதப் போனால் ஏ டிரைவ் வாசிக்க மட்டும் என்று ஒற்றை வரிப் பிழை வரும், ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் அத்தோடு சரி. கன்ட்ரோல்-சி அடித்து, "வட்டு மாற்றிவிட்டேன், கணக்கை மறுபடி போடு" என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து, வட்டில் இடமில்லை என்றதும் நல்லெண்ணத்தில் வேறு வட்டைச் செருகியவர்களின் நிலை பரிதாபம். காப்பாற்ற நினைத்த செயலே எழுதியதையெல்லாம் கொண்டுபோகும்.

229 என்ற எண்

டைரக்டரிப் பதிவின் முதல் பைட் பயனர் எண் என்றேன். அதில் 229 இருந்தால் பதிவு காலி என்று அர்த்தம். பதினாறடிமான எண்முறையில் இதை ஈ5 என்று எழுதுவார்கள். வேறு எண்ணே கிடைக்கவில்லையா என்று தோன்றும். ஐபிஎம் வகுத்த முறையில் புதிய 8 அங்குல வட்டை வடிவமைக்கும்போது எல்லா செக்டரையும் நிரப்பிய பைட் அதுதான். ஆகவே பெட்டியிலிருந்து எடுத்த புது வட்டைச் செருகினால் சிபி/எம் டைரக்டரி இருக்கும் இடத்தைப் படிக்கும்; எல்லாம் 229; எல்லாப் பதிவும் காலி. தனியாக டைரக்டரி போட்டுக் கொடுக்கும் வேலையே இல்லை.

கோப்பை அழிக்கும் கட்டளை செய்ததும் இவ்வளவுதான்: முதல் பைட்டை 229 ஆக்கியது. பெயர் அப்படியே இருக்கும், பிளாக் பட்டியலும் அப்படியே இருக்கும், கடிதமும் அதே செக்டர்களில் படுத்திருக்கும். அதன்மேல் வேறெதையும் எழுதாதவரை, அந்த ஒரு பைட்டை மறுபடி 0 ஆக்கினால் கோப்பு முழுசாக எழுந்து வந்துவிடும். பட்டாவில் பெயரை அடித்தார்களே ஒழிய நிலத்தை உழுதுவிடவில்லை.

டாஸ்: அ-பதிவேடு

1977-இல் மைக்ரோசாஃப்ட்டில் மார்க் மெக்டொனால்ட், பேசிக் மொழியின் வட்டுப் பதிப்பான டிஸ்க் பேசிக்குக்காக வேறொரு முறையைக் கொண்டுவந்தார். சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் டிம் பேட்டர்சன், இன்டெலின் 8086 சிப்புக்கு சிபி/எம் வராமல் இழுத்துக்கொண்டே போனதால், 1980-இல் தானே ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். கோப்புக் கணக்குக்கு அவர் எடுத்துக்கொண்டது அந்த மைக்ரோசாஃப்ட் முறையை. மைக்ரோசாஃப்ட் பிறகு அதை விலைக்கு வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி-யோடு அது பிசி டாஸ் என்ற பெயரில் வெளிவந்தது. அந்த முறையின் மையம் ஓர் அட்டவணை; அதற்குப் பெயர் ஃபேட், அதாவது ஃபைல் அலொகேஷன் டேபிள்.

டைரக்டரி இதிலும் உண்டு, 32 பைட் பதிவும் உண்டு. ஆனால் பதிவில் பிளாக் பட்டியல் கிடையாது. பெயர், தேதி, பைட் கணக்கில் நீளம், முதல் துண்டின் எண், அவ்வளவே. டாஸ் துண்டை கிளஸ்டர் என்று அழைக்கும். மற்ற கிளஸ்டர்களுக்கு அட்டவணைக்குத்தான் போக வேண்டும்.

அட்டவணையில் கிளஸ்டருக்கு ஒரு வரி. 1,400 பைட் கடிதம் ஒன்று 2-இல் தொடங்குகிறது என்று டைரக்டரி சொன்னால், அட்டவணையின் 2-ஆம் வரியைப் பாருங்கள். அங்கே 3 என்று இருக்கிறது. 3-ஆம் வரியில் 6. 6-ஆம் வரியில் முடிவுக்குறி. ஆக, கடிதம் 2, 3, 6. ஒரு வரியில் 0 இருந்தால் அந்தக் கிளஸ்டர் காலி. புறம்போக்கும் பட்டா நிலமும் இங்கே ஒரே ஏட்டில், பக்கத்துப் பக்கத்து வரியில். கோப்பு எவ்வளவு வளர்ந்தாலும் டைரக்டரிப் பதிவு ஒன்றுதான்.

அந்த முதல் பிசி-யின் 5¼ அங்குல வட்டில் 40 டிராக், டிராக்குக்கு 8 செக்டர், செக்டருக்கு 512 பைட். மொத்தம் 320 செக்டர், 160 கேபி. கம்ப்யூட்டரைத் தொடக்கும் பூட் செக்டருக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று, அதன் நகலுக்கு ஒன்று, டைரக்டரிக்கு நாலு. மிச்சம் 313 செக்டர்; இந்த வட்டில் ஒரு செக்டரே ஒரு கிளஸ்டர். அட்டவணையின் முதல் இரண்டு வரிகள் வேறு வேலைக்குப் போனதால் மொத்தம் 315 வரி. வரிக்கு 8 பிட் என்றால் 256-க்கு மேல் எண்ண முடியாது. 16 பிட் என்றால் 630 பைட், ஒரு செக்டரைத் தாண்டிவிடும். 12 பிட் என்றால் 473 பைட், ஒரே செக்டருக்குள் கச்சிதம். மூன்று பைட்டில் இரண்டு வரிகளைத் திணிக்க வேண்டும் என்பதால், வரி எண்ணை ஒன்றரையால் பெருக்கி, இரட்டைப்படைக்கு ஒரு பாதி, ஒற்றைப்படைக்கு மறுபாதி என்று பிரித்தெடுக்க வேண்டும். புரோகிராம் எழுதுகிறவருக்குத் தலைவலி, வட்டுக்கு லாபம். முழு அட்டவணையும் நினைவகத்தில் 512 பைட்டில் உட்கார்ந்துவிடுவதால் கோப்பின் நடுப்பகுதிக்குத் தாவவும் டைரக்டரிக்கு ஓட வேண்டியதில்லை.

இனி இதன் நோய்கள். உண்மை இப்போது இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது, டைரக்டரியில் கொஞ்சம், அட்டவணையில் கொஞ்சம். அட்டவணையை எழுதிய பிறகு, டைரக்டரியை எழுதுமுன் கரண்ட் போனால், சங்கிலி இருக்கும், அதைச் சொந்தம் கொண்டாடும் பெயர் இருக்காது. சிபி/எம்-இல் நடக்கவே முடியாத வாரிசில்லாத நிலம் இங்கே உருவாகிவிட்டது. அட்டவணையே கெட்டால் இரண்டு கோப்புகளின் சங்கிலி ஒரே கிளஸ்டரில் போய் முட்டும். ஒரே மனைக்கு இரண்டு பட்டா. இவற்றைத் தேடிப் பிடிக்கவே செக்டிஸ்க் என்ற கருவி டாஸோடு முதலிலிருந்தே வந்தது. அட்டவணைக்கு நகல் வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். இரண்டும் அடுத்தடுத்த செக்டர். காபி சிந்தினால் இரண்டிலும்தான் சிந்தும்.

அழித்தலும் மாறியது. 229-ஐ டாஸும் எடுத்துக்கொண்டது. ஆனால் டாஸ் பதிவின் முதல் பைட் பயனர் எண் இல்லை, பெயரின் முதல் எழுத்து. ஆகவே அழித்தால் அந்த எழுத்து போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், அட்டவணையில் சங்கிலியின் ஒவ்வொரு வரியும் 0 ஆக்கப்படும். மிஞ்சுவது தொடக்கக் கிளஸ்டரும் நீளமும் மட்டும். கோப்பு அடுத்தடுத்த கிளஸ்டர்களில் இருந்திருந்தால் ஊகித்து மீட்கலாம்; சிதறியிருந்தால் கஷ்டம். பீட்டர் நார்ட்டன் 1982-இல் விற்கத் தொடங்கிய கருவிகளில் அழித்ததை மீட்கும் ஒன்று இருந்ததும், "முதல் எழுத்து என்ன?" என்று அத்தகைய கருவிகள் பயனரையே கேட்டதும் இதனால்தான். ஜப்பானில் இன்னொரு சிக்கல்: அங்கே பயன்பட்ட எழுத்துக் குறியீட்டில் 229 முறையான எழுத்தின் முதல் பைட்டாகவே வரும். அப்படித் தொடங்கும் பெயர் அழிந்ததாகத் தெரியக் கூடாது என்பதற்காக, அதன் இடத்தில் 5 என்று எழுதிவைக்கும் ஏற்பாட்டைப் பின்னால் சேர்த்தார்கள்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் டாஸ் (பெயர்தான் ஒன்று, சிஸ்டம் வேறு), 0 முதல் 34 வரையான 35 டிராக்குகளில் நட்டநடுவே 17-ஆம் டிராக்கில் ஏட்டை வைத்தது. எந்தக் கோப்புக்குப் போகவும் தலை பாதி வட்டுக்கு மேல் நகர வேண்டாம். கோப்புக்கு ஒரு தனி செக்டர் ஒதுக்கி அதில் பட்டியலை எழுதியது. கோப்பை அழிக்கும்போது அந்தப் பட்டியலின் டிராக் எண்ணைத் தூக்கிப் பெயரின் கடைசி எழுத்திடத்தில் பத்திரப்படுத்தியது; மீட்க நினைத்தவருக்கு விட்டுப்போன சாவி. கமடோரின் 1541 டிரைவில் ஒவ்வொரு 256 பைட் பிளாக்கின் முதல் இரண்டு பைட்டிலும் அடுத்த பிளாக்கின் முகவரி இருந்தது. நடுவில் ஒரு பிளாக் கெட்டால் அதற்கப்பால் வழி தெரியாது. யுசிஎஸ்டி பாஸ்கல் என்ற இன்னொரு சிஸ்டம் ஒரு கோப்பைத் துண்டாக்கவே மறுத்தது, ஒட்டினாற்போல் இடம் வேண்டும் என்றது. கணக்கு மிக எளிது, தொடக்கமும் முடிவும் போதும். ஆனால் அங்கங்கே சந்து விழுந்து இடம் வீணாகும். எல்லாக் கோப்புகளையும் ஒரு பக்கமாகத் தள்ளிச் சேர்க்க ஒரு கட்டளை கொடுத்திருந்தார்கள். அது ஓடும்போது வட்டை எடுக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

இத்தனையிலும் இன்று வரை ஓடுவது ஃபேட் குடும்பம்தான். அட்டவணை வரி 12 பிட்டிலிருந்து 16, 32 என்று அகலமானது. சங்கிலி அதே சங்கிலி. ஃபேட் 32-ஆக வடிவமைத்த ஒரு 32 ஜிபி மெமரி கார்டில் போட்டோவை அழித்துவிட்டு, அந்தக் கார்டை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து டைரக்டரிப் பதிவைத் தேடிப் பாருங்கள். பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஈ5 இருக்கும்.